பதினோரு விநாடி

ஒர்க்‌ஷாப்பிலிருந்து தான் எப்படி வெளியே வந்தோம் என்பது சுகிர்தாவுக்கு நினைவில்லை. மதிய வெயிலில், புல்வெளியின் நடுவே, ஒற்றைச் செருப்போடு நின்றுகொண்டிருந்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. யாரோ தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்று உடம்பு முழுக்க நம்பியது. யார் என்று கேட்டால் சொல்லப் பெயரில்லை.

பின்னாலேயே பேராசிரியர் மீனலோசனி ஸ்டாப்வாட்சோடு வந்தார். தூரத்திலிருந்து சுவிட்சை அழுத்தியவர் அவர்தான்.

"பதினோரு விநாடி! பதினோரு விநாடியில கட்டடத்தை விட்டே வெளியேறிட்டே, சுகிர்தா."

சுகிர்தா சிரிக்கப் பார்த்தாள். அழுகைதான் வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வேலை செய்யுது மேடம்," என்றாள்.

ஒரகடத்தைத் தாண்டி இருந்த அந்த வடிவமைப்புக் கல்லூரியில் அவள் பொருள் வடிவமைப்பு முதுகலை இரண்டாம் ஆண்டு. மற்றவர்கள் நாற்காலி, மிக்ஸி, தலைக்கவசம் என்று தீசிஸுக்கு எடுத்துக்கொண்டபோது, ஆபத்து நேரத்தில் ஆலையிலிருந்து ஆட்களை வெளியேற்றும் கருவி ஒன்றை எடுத்தாள். நுழைவு நேர்காணலிலேயே அதைத்தான் செய்யப்போவதாகச் சொல்லியிருந்தாள். தூத்துக்குடியில் அவளுடைய அப்பா வேலை பார்த்த ரசாயன ஆலையில் ஒரு புதன்கிழமை வாயு கசிந்தது. சைரன் அடித்தது. சனிக்கிழமைதோறும் ஒத்திகைக்கு அடித்து அடித்துப் பழகிய சைரன். அப்பாவும் இன்னும் பதினாறு பேரும் கையிலிருந்த டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தார்கள். இப்போது அப்பா கட்டிலிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறார்.

முதலாம் ஆண்டு முழுக்க ஒன்பது ஆலைகளுக்குப் போய், சைரன் அடித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். ஒரு மேஸ்திரி மட்டும் உள்ளதைச் சொன்னார்: "மத்தவன் எந்திரிக்கிறானான்னு பாப்போம்மா. அவன் எங்களைப் பாத்துட்டு உக்காந்திருப்பான்."

அப்புறம்தான் மீனலோசனி ஒரு நிறுவனத்தை அறிமுகப்படுத்தினார். அங்கிருந்து சந்திரசூடன் என்கிற பொறியாளர் வந்தார். கழுத்துப் பட்டையில்லாத சட்டை, மெதுவான பேச்சு.

"மூளைக்குள்ள பாதாம்பருப்பு அளவுல ஒரு முடிச்சு இருக்கும்மா. பயம் அங்கதான் பிறக்குது. எங்க கருவி வெளியிலேயிருந்தே அதை ஒரு தட்டு தட்டும். அரை விநாடிதான். என்ன ஏதுன்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி கால் ஓடிடும்."

"ஆபத்து எதுவும் இல்லையே சார்?"

"பயப்படுறதுல என்னம்மா ஆபத்து? அது இல்லாததாலதான உங்கப்பா உட்கார்ந்திருந்தார்?"

அந்தப் பதில் அவளுக்குள் போய் நன்றாக உட்கார்ந்துகொண்டது. அவர்களிடம் இருந்தது பீரோ அளவுக்கு ஓர் அசிங்கமான பெட்டி. அதைச் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் குறுக்கி, கூரையில் மாட்டும்படி, பால்வெள்ளை நிறத்தில், விளிம்பு வளைந்த அழகான பொருளாக்கியது சுகிர்தா. நாற்பது ஃபோம் மாடல் செய்தாள். பார்த்தால் யாருக்கும் பயம் வரக்கூடாது என்பது அவள் தனக்கு விதித்துக்கொண்ட முதல் நிபந்தனை.

தன்மேல் சோதித்துப் பார்த்தாயிற்று. அடுத்து, வகுப்பில் பன்னிரண்டு பேர் ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டார்கள். பதினோரு பேர் ஓடினார்கள், மூச்சிரைத்தார்கள், திட்டினார்கள், தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள். பன்னிரண்டாவது ஆள் ஷமீமா, சுகிர்தாவின் அறைத்தோழி. கீழக்கரைப் பெண். காது கேட்கும் கருவி ஒன்றை வடிவமைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றரை வருஷமாக இருவரும் ஒரே இஸ்திரிப்பெட்டி, ஒரே சண்டை, ஒரே தலைவலி மாத்திரை.

ஷமீமா நாற்காலியில் உட்கார்ந்து பத்திரிகை ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தாள். எதிரே சுகிர்தா, கருவியின் துடிப்பு எட்டாத தூரத்தில், சுவிட்சோடு நின்றாள். ஷமீமா திடீரென்று நிமிர்ந்து, "சுகி, செருப்பைக் கழட்டிடவா? ஓடச் சௌரியமா இருக்கும்ல?" என்று கேட்டாள். அதே கணம் சுகிர்தாவின் விரல் அழுந்திவிட்டது.

அந்த முகம் மாறியதைச் சுகிர்தா பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. கண் அகன்றது. நாற்காலி பின்னால் விழுந்தது. மற்றவர்கள் புல்வெளியில் நின்றார்கள், ஷமீமா நிற்கவில்லை. ஹாஸ்டல் வரைக்கும் ஓடினாள்.

அன்று சாயங்காலம் அவள் அறைக்கு வரவில்லை. மறுநாள் வேறொருத்தி வந்து ஷமீமாவின் துணிகளையும் பல்துலக்கியையும் எடுத்துப்போனாள். மெஸ்ஸில் சுகிர்தா தட்டோடு போய் எதிரில் உட்கார்ந்தால், ஷமீமா பாதிச் சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டுப் போனாள். கோபமாக்கும் என்று சுகிர்தா நினைத்தாள். நான்காம் நாள் நூலகப் படிக்கட்டில் அவளை மடக்கினாள்.

"என்னடி உனக்கு? நான் என்ன பண்ணினேன்னு..."

"கிட்ட வராதே!" ஷமீமா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். நெற்றியெல்லாம் வியர்வை. "சுகி, சத்தியமா உன்மேல கோபம் இல்லை. உன் மூஞ்சியைப் பார்த்தா நீ என்னைக் கொல்லப்போறேன்னு தோணுது. இல்லைன்னு எனக்கே நல்லாத் தெரியும். ஆனா தோணுது. தயவுசெஞ்சு திரும்பிக்கோ."

சுகிர்தா திரும்பிக்கொண்டாள். ஷமீமாவின் காலடிகள் படிகளில் தடதடவென்று இறங்கின. தன் முகத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். அதே மூக்கு, அதே கன்னம். முதன்முறையாக, எந்தக் கருவியும் இல்லாமல், அவள் பயந்தாள்.

அரை மணி நேரத்தில் ஷமீமாவே போன் செய்தாள். குரல் பழைய மாதிரி இருந்தது.

"போன்ல பேசினா ஒண்ணும் ஆகலைடி. உன் குரல் பரவாயில்லை. மூஞ்சிதான் ஆகலை. உன் போட்டோகூட முடியலை, எல்லாத்தையும் அழிச்சுட்டேன். நான் யோசிச்சுப் பார்த்தேன். அந்த நேரத்துல நான் உன்னைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன், இல்லே?"

"ஆமா."

"மத்தவங்க எதைப் பார்த்துட்டு இருந்தாங்க? கேளு."

சுகிர்தா ஒவ்வொருவராகப் போய்க் கேட்டாள். தமிழரசன் பச்சைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தானாம். இப்போது அந்தக் கட்டடத்துக்குச் சுற்றிக்கொண்டு பின்வழியாக வருகிறான், ஏன் என்று அவனுக்கே தெரியவில்லை. ஒருத்தி கடலைமிட்டாய் தின்றுகொண்டிருந்தாள். இப்போது கடையில் அந்தப் பாட்டிலைக் கண்டால் கடைக்கே போவதில்லை. இன்னொருவன் தன்னுடைய இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு வாரமாக அந்தக் கையைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

தன் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தபோதுதான் சுவரில் வெறும் ஆணியைப் பார்த்தாள். டிக் டிக் சத்தம் தொந்தரவாக இருக்கிறதென்று கடிகாரத்தைக் கழற்றி அலமாரியின் அடியில், துணிக்குக் கீழே, தள்ளியிருந்தாள். அவள் ஓடிய அன்று ஒர்க்‌ஷாப் சுவர்க் கடிகாரத்தில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மீனலோசனியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சந்திரசூடனை வரவழைத்தார். மன்னிப்புக் கேட்பார், பரிசோதனையை நிறுத்துவார் என்று சுகிர்தா நினைத்திருந்தாள். சந்திரசூடன் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எதைப் பார்த்தாலும் ஒட்டிக்குதா? மனுஷ முகம்கூட?"

"ஆமா சார். அதுதான் பிரச்சினையே."

"எத்தனை நாளா குறையாம இருக்கு?"

"பதினெட்டு நாள்."

அவர் குறித்துக்கொண்டார். அடுத்த வாரம் அவரிடமிருந்து கருவிக்குப் புதிய வரையறை வந்தது. கூரையில் மாட்டுவது வேண்டாம், மேசையில் வைக்கலாம். முன்பக்கம் ஒரு திரை. திரையில் படம் தோன்றும் அதே கணத்தில் துடிப்பு.

"என்ன படம் சார்?" என்று போனில் கேட்டாள்.

"அது வாங்குறவங்க முடிவு பண்றது. உதாரணத்துக்கு, ஒரு ஆலையில ஸ்ட்ரைக்குக்கு ஒருத்தன் தலைமை தாங்குறான்னு வெச்சுக்கோ. வருகைப் பதிவு பண்ணும்போது எல்லாருக்கும் அவன் முகம் ஒரே ஒரு தடவை. அப்புறம் அவன் பக்கத்துல யாரும் நிக்க மாட்டாங்க. அடி இல்லை, கேஸ் இல்லை, ஜெயில் இல்லை. எவ்வளவு நாகரிகம், பாரு."

அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே நாகரிகம் என்று நினைத்தார். அதுதான் சுகிர்தாவை நடுங்கவைத்தது. அப்பாவின் ஆலையில் முகமூடி கேட்டுப் போராடிய ஆட்களை அவள் நினைத்துக்கொண்டாள். அவர்களோடு அப்பாவும் நின்றிருந்தார்.

"நான் விலகிக்கிறேன் மேடம்," என்றாள் மீனலோசனியிடம்.

மீனலோசனி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விலகு. வரைபடம், மாடல், ஃபைல் எல்லாம் கல்லூரிக்குச் சொந்தம். வேறொருத்தர் முடிச்சுக் கொடுப்பாங்க. உனக்குப் பட்டம் கிடைக்காது, அவ்வளவுதான். நாம வடிவத்தைக் கொடுக்கிறவங்க, சுகிர்தா. உள்ளே என்ன படம் ஓடுதுங்கிறது நம்ம வேலை இல்லை."

அன்றிலிருந்து ஜூரிக்கு, அதாவது தேர்வாளர்கள் முன் தீசிஸை வைக்கும் நாளுக்கு, இருபத்திரண்டு நாள். சுகிர்தா விலகவில்லை. திரையைப் பொருத்தினாள், விளிம்பைத் தேய்த்தாள், வண்ணம் பூசினாள். நல்ல பிள்ளையாகிவிட்டாள் என்று மீனலோசனி நினைத்திருக்க வேண்டும். என்ன செய்யப்போகிறாள் என்பதைச் சுகிர்தா யாரிடமும் சொல்லவில்லை. தினமும் போனில் பேசும் ஷமீமாவிடம்கூட.

ஜூரி அன்று காலை பதினொன்றுக்கு ஐந்து பேர் வந்து உட்கார்ந்தார்கள். மீனலோசனி, சந்திரசூடன், அவருடைய நிறுவனத்தின் தலைவர், வெளியூரிலிருந்து வந்த இரண்டு தேர்வாளர்கள். கல்லூரி இயக்குநர் வேறு கூட்டத்தில் இருந்தார். தேர்வாளர்களில் வயதானவர் கனிவான மனிதர். அவள் தண்ணீர் தேடுவதைப் பார்த்துத் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

கருவி மேசைமேல் இருந்தது. அது அணைந்திருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சுகிர்தா நாற்பது நிமிடம் பேசினாள். கடைசியில் சொன்னாள்:

"எல்லாரும் ஒரு நிமிஷம் கருவியோட முன்பக்க விளிம்பைப் பாருங்க. மெல்லிசா ஒரு கோடு தெரியும்."

ஐந்து தலைகளும் முன்னால் வந்தன. மேசைக்கு அடியில் இருந்த சுவிட்சை நோக்கி அவள் கை போனது. தானும் கண்ணை இமைக்காமல் கருவியையே பார்த்தாள். இனி தன்னாலும் இதைத் தொட முடியக்கூடாது. அழுத்தினாள்.

அடுத்து நடந்தது அவளுக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. நாற்காலிகள் சாய்ந்த சத்தம். சந்திரசூடனின் அலறல், ஒரு சின்னக் குழந்தையின் குரலில். தன் தோள் கதவில் இடித்தது. படிக்கட்டில் யாரோ விழுந்தார்கள். வெளியே வந்து திரும்பிப் பார்த்தபோது, தண்ணீர் கொடுத்த அந்தப் பெரியவர் கடைசிப் படியில் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எலும்பு முறிந்திருந்தது.

கருவி பழுதாகிவிட்டது என்றார்கள். யாரும் சந்தேகப்பட்டதாகத் தெரியவில்லை. சந்திரசூடன் மறுபடி உள்ளே வரவே மறுத்துவிட்டார். அறிக்கையில் இருந்த கருவியின் படத்தைக் காட்டியபோது அவருடைய தலைவர் தாளைத் தட்டிவிட்டார். அடுத்த நாள் மதியம் கடிதம் வந்தது: நிறுவனம் இந்தத் திட்டத்திலிருந்து முற்றாக விலகுகிறது.

சுகிர்தாவுக்கும் நாற்பது மாடல்கள் இருந்த அலமாரிப் பக்கம் போக முடியவில்லை. ஆனால் நெஞ்சில் பாரம் குறைந்திருந்தது. ஷமீமாவைக் கூப்பிட்டு, மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஷமீ? இருக்கியா?"

"அந்தப் பெரியவர் உனக்கு என்ன பண்ணினார்?"

"அவர்... வேற வழி இல்லைடி."

"எனக்கு நடந்தது தெரியாம நடந்தது. நீ வேணும்னு பண்ணலைன்னு தெரியும். அதனாலதான் தினமும் பேசினேன்." ஷமீமா மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. "இது தெரிஞ்சே பண்ணினது. இப்ப உன் குரலும் எனக்குப் பயமா இருக்கு, சுகி."

போன் அணைந்தது.

சுகிர்தா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாள் காலை மீனலோசனியின் அறைக்குப் போய், நின்றபடியே சொன்னாள்: "மேடம், அது பழுதாகலை. நான்தான் சுவிட்சைப் போட்டேன்."

"தெரியும்," என்றார் மீனலோசனி. "உட்காரு."

"தெரியுமா?"

"உன் கை மேசைக்கு அடியில போனதைப் பார்த்தேன். எதுக்குன்னு புரிஞ்சுது. கண்ணை மூடிக்கிட்டேன். நானும் பயந்தேன், ஓடினேன். ஆனா எதுமேலயும் ஒட்டலை."

"அப்ப ஏன் என்னைத் தடுக்கலை?"

மீனலோசனி யோசித்தார். பொய் சொல்ல யோசித்தது போல இல்லை. "பார்க்கணும்னு தோணிச்சு. ஒரே கணம், ஒரே பொருள், ஒரு அறை நிறைய ஆட்கள். யாருகிட்டயும் இப்படி ஒரு முடிவு இல்லை. அந்த நிறுவனம் போனா போகட்டும், கேட்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க. ஜூலையில சேர்ற பேட்ச்சுல ஒரு கெட்டிக்காரப் பொண்ணு வர்றா. உன் வேலையை அவ எடுத்துப்பா." எழுந்து போய் இரும்பு அலமாரியைத் திறந்தார். "பாரு, ஒரு கீறல்கூட விழலை."

பால்வெள்ளை நிறத்தில் ஒரு வளைவுதான் தெரிந்தது. அதற்குள் சுகிர்தாவின் கால்கள் ஓடிவிட்டன. தாழ்வாரத்தின் கோடியில், அறிவிப்புப் பலகையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். திரும்பி நடந்தாள். அறை வாசலுக்குப் பத்தடி இருக்கும்போது கால் தானாகத் திரும்பிவிட்டது. இன்னொரு முறை முயன்றாள். முடியவில்லை. அதை எடுத்து உடைக்க வேண்டியவள் அவள்தான். அவளால் மட்டும் முடியாதபடி அவளே செய்துவைத்திருந்தாள்.

அதைக் கண்டு பயப்படாதவர்களில் அவள் நம்பிக் கேட்கக்கூடிய ஒருத்தி இருந்தாள். துடிப்பு வந்த கணத்தில் கருவியைப் பார்க்காமல் வேறொன்றைப் பார்த்தவள். சுகிர்தா போன் செய்தாள். எடுக்கவில்லை. செய்தி அனுப்பினாள். எழுத்தில் அவளுடைய குரல் இருக்காது என்று ஒரு நம்பிக்கை. நடந்ததையெல்லாம் எழுதி, கடைசியில், "நான் டைரக்டர்கிட்ட உண்மையைச் சொல்லப்போறேன். அதுக்குள்ள இவங்க அதை வேற எங்கேயாவது மாத்திடுவாங்க. உன்னால அதை எடுக்க முடியும்," என்று முடித்தாள்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "வர்றேன். உனக்காக இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பி நில்லு."

சுகிர்தா அறிவிப்புப் பலகையில் நெற்றியை வைத்து நின்றாள். பின்னால் காலடிகள் நெருங்கின, சற்றுத் தயங்கின, பிறகு வேகமாகத் தாண்டிப்போயின. கதவு திறந்தது. அறைக்குள் பேச்சு கேட்டது.

"மேடம், அதைக் கொடுங்க."

"இது உன் ப்ராஜெக்ட் இல்லையே, ஷமீமா."

"என்மேல போட்டுப் பார்த்த பொருள் மேடம். என் கையெழுத்து உங்க ஃபைல்ல இருக்கு."

"நீ பதற்றத்துல இருக்கே. போய் ரூம்ல இரு."

"சரி, கொடுக்க வேண்டாம். இங்கேயே ஆன் பண்ணுங்க." ஷமீமாவின் குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "இந்தத் தடவை உங்க முகத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்றேன். இன்னும் ஒரு மாசம் உங்க வகுப்புல நான் இருக்கணும். நாளையிலேருந்து என்னை மாதிரி ஒருத்தி உங்களைப் பார்க்கும்போதெல்லாம் எப்படிப் பார்ப்பான்னு தெரிஞ்சுக்கோங்க. பண்ணுங்க மேடம்."

சுகிர்தா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு இரும்பு அலமாரியின் கதவு கிரீச்சிட்டது. மீனலோசனி ஏதோ தாழ்ந்த குரலில் சொன்னார். அது காதில் விழவில்லை. ஷமீமா வெளியே வந்தாள். துணிப்பையில் ஏதோ கனமாக உரசும் சத்தம்.

"டைரக்டர் இருக்காரா?" தூரத்திலிருந்தே கேட்டாள்.

"இருக்கார். கேட்டுட்டேன்."

"நான் முன்னால போறேன். நீ இருபதடி விட்டு வா. கிட்ட வந்தா ஓடிடுவேன்."

"பையைப் பார்த்தா நானும் ஓடிடுவேன்."

"அப்ப தரையைப் பார்த்து நட."

நிர்வாகக் கட்டடம் மைதானத்துக்கு அந்தப் பக்கம். வெயில் ஏறிவிட்டது. சுகிர்தா சிமெண்டுத் தளத்தின் கோடுகளை மட்டும் பார்த்து நடந்தாள். ஓடு, ஓடு என்று கால்கள் கெஞ்சின. முன்னால் ஷமீமாவும் ஒவ்வொரு அடியையும் பிடித்து இழுத்துத்தான் வைக்கிறாள் என்று செருப்புச் சத்தத்திலேயே தெரிந்தது. பாதி வழியில் அந்தச் சத்தம் நின்றது.

"சுகி."

"ம்."

"சத்தமே இல்லாம பின்னால வராதே. என்னால முடியலை. எதையாவது பேசிக்கிட்டே வா."

"என்ன பேச?"

"உள்ளே போய் என்ன சொல்லப்போறியோ, அதைச் சொல்லு."

சுகிர்தா ஆரம்பித்தாள். "சார், ஜூரி அன்னிக்குக் கருவி பழுதாகலை. நான்தான்..."

"கேக்கலை. இன்னும் சத்தமா."

"நான்தான் சுவிட்சைப் போட்டேன் சார். தெரிஞ்சேதான் போட்டேன்," என்று சுகிர்தா மைதானம் கேட்கும்படி சொன்னாள். முன்னால் செருப்புச் சத்தம் மறுபடி நடக்கத் தொடங்கியது.